கணினிப் போர்ட் வழியே மின்கருவிகளை இயக்குவது: முழுமையான வழிகாட்டி

கணினியின் போர்ட்டில் இரண்டு கம்பியைச் செருகி ஒரு விளக்கை எரியவிட முடியுமா? சின்ன எல்.இ.டி. என்றால் முடியும். வீட்டு விளக்கு என்றால் முடியாது. பழைய பிரிண்டர் போர்ட்டின் ஒரு பின் (இணைப்பு ஊசி) தருவது 5 வோல்ட், சில மில்லிஆம்பியர், அவ்வளவுதான். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 260 மில்லிஆம்பியர் இழுக்கும். ஆகவே போர்ட்டிலிருந்து நாம் எடுப்பது சைகை மட்டுமே; சக்தி வேறு இடத்திலிருந்து வர வேண்டும். போர்ட் எரிந்துபோவது பெரும்பாலும் இதை மறக்கும்போதுதான்.

சைகை சக்தியைத் திறந்துவிடும் வழி இது: போர்ட்டின் சைகை ஒரு டிரான்சிஸ்டரைத் (சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை ஆன்–ஆஃப் செய்யும் பாகம்) திறக்கும். டிரான்சிஸ்டர், ரிலே என்ற மின்காந்த ஸ்விட்சின் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) மின்னோட்டம் விடும். காயில் காந்தமாகிக் கான்டாக்டை இழுக்கும். அந்தக் கான்டாக்ட் விளக்கின் சுற்றை மூடும். விளக்குச் சுற்றுக்கும் கணினிக்கும் இடையே கம்பித் தொடர்பே கிடையாது; நடுவில் இருப்பது காந்தப்புலம் மட்டும்.

இதை மட்டும் செய்துவிட்டால் விளக்கு எரியும், அணையும். ஆனால் மின்மோட்டாரோ ஹீட்டரோ இணைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும்: கணினி நடுவில் உறைந்து நின்றுவிட்டால் கருவி என்ன செய்யும்? என் கணக்கில் ரிலேயை இயக்குவது வேலையில் பாதிகூட இல்லை. இந்தக் கேள்விதான் மீதி. அதனால் அதற்குத் தனியாக ஒரு படி வைத்திருக்கிறேன்.

படி 1: போர்ட்டைத் தேர்ந்தெடுப்பது

பழைய பாடநூல்கள் எல்லாம் பேரலல் போர்ட்டில் தொடங்கும். காரணம் இருக்கிறது. 25 பின் கொண்ட இந்தப் பிரிண்டர் போர்ட்டில் 2 முதல் 9 வரையிலான எட்டுப் பின்களும் ஒரு பைட்டின் எட்டு பிட்டுகள். நினைவகத்தில் எழுதுவது போலவே ஒரு முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் அந்த எண்ணின் பிட்டுகள் அப்படியே பின்களில் வோல்ட்டாக நிற்கும். முதல் போர்ட்டின் வழக்கமான முகவரி பதினாறடிமானத்தில் 378, பதின்மத்தில் 888. அங்கே 1 எழுதினால் பின் 2 உயரும். 2 எழுதினால் பின் 3. 4 எழுதினால் பின் 4. 5 எழுதினால் பின் 2-ம் 4-ம் சேர்ந்து உயரும். 255 என்றால் எட்டும். 18 முதல் 25 வரை தரை, அதாவது மின்னோட்டம் திரும்பிவரும் 0 வோல்ட் வரி. 10, 11, 12, 13, 15 ஆகியவை உள்ளீடுகள். அவற்றை 889 என்ற முகவரியில் படிக்கலாம். அதில் பின் 11 மட்டும் தலைகீழாக வரும்: பின் உயர்ந்தால் 0, தாழ்ந்தால் 1. 890-இல் நான்கு கட்டுப்பாட்டு வரிகள். அவற்றில் 1, 14, 17 மூன்றும் தலைகீழ். முதன்முறை செய்பவர்கள் எட்டு டேட்டா பின்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சிக்கல் எங்கே என்றால், விண்டோஸ் 98 வரை எந்த நிரலும் அந்த முகவரியில் நேரடியாக எழுதலாம். என்.டி. வழிவந்த விண்டோஸ் 2000, எக்ஸ்பி முதல் இயங்குதளம் அதைத் தடுக்கும். இடையில் இன்ப்அவுட்32 போன்ற டிரைவர் வேண்டும். லினக்ஸில் ரூட் உரிமையோடு அனுமதி கேட்டு எழுதலாம். கூடுதல் கார்டாகச் செருகிய பேரலல் போர்ட் என்றால் முகவரி 888-ஆக இருக்காது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ரிசோர்சஸ் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். யுஎஸ்பியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் மாற்றிக் கேபிள் வாங்கி ஏமாறாதீர்கள். அதற்குள் இருப்பது பிரிண்டரோடு பேசத் தெரிந்த சிப் மட்டுமே. முகவரியும் இல்லை, தனித்தனிப் பின்களை விருப்பப்படி உயர்த்தவும் விடாது.

சீரியல் போர்ட்டைப் பலர் தரவு அனுப்பும் வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். 9 பின் போர்ட்டில் டிடிஆர் (பின் 4), ஆர்டிஎஸ் (பின் 7) என்ற இரண்டு வரிகளை நிரல் தன் விருப்பப்படி ஏற்றலாம், இறக்கலாம். தரை பின் 5. இரண்டே இரண்டு கருவி போதும் என்பவர்களுக்கு இது அருமையான வழி. கவனிக்க வேண்டியது மின்னழுத்தம்: சீரியல் போர்ட் பின்பற்றும் ஆர்எஸ்-232 முறையில் வரி 'ஆன்' என்றால் நேர்மறை, 'ஆஃப்' என்றால் பூஜ்யம் அல்ல, எதிர்மறை, கழித்தல் 12 வோல்ட் வரைகூடப் போகலாம். டிரான்சிஸ்டரில் சைகை நுழையும் காலான பேஸுக்கும் தரைக்குப் போகும் காலான எமிட்டருக்கும் இடையிலான சந்தி தலைகீழாக 5, 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பேஸுக்குப் போகும் வழியில் ஒரு 1என்4148 டையோடை (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) தொடராகப் போட்டுவிட்டால் எதிர்மறை உள்ளே வராது.

இன்றைய கணினிகளில் இருப்பது யுஎஸ்பிதான். இங்கே ஒரு தவறான எதிர்பார்ப்பை உடைத்துவிட வேண்டும்: யுஎஸ்பியின் டேட்டா வரிகளை உங்கள் நிரல் நேராக உயர்த்தவோ தாழ்த்தவோ முடியாது. அதன் 5 வோல்ட் வரியையும் பெரும்பாலான கணினிகளில் மென்பொருளால் அணைக்க முடியாது. ஒவ்வொரு துளைக்கும் தனி மின்கட்டுப்பாடு வைத்த சில ஹப்களில் மட்டுமே அது நடக்கும். எனவே மறுமுனையில் யுஎஸ்பி பேசத் தெரிந்த சிப் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதற்கு மூன்று வழி: தயாராகக் கிடைக்கும் யுஎஸ்பி ரிலே பலகை, எஃப்டி232, சிஎச்340, சிபி2102 சிப் வைத்த யுஎஸ்பி–சீரியல் பலகை, ஆர்டுயினோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர் (தானே நிரல் ஓட்டும் சிறு கணினிச் சிப்) பலகை. இரண்டாவதில் ஒரு கண்ணி உண்டு. இந்தச் சின்னப் பலகைகளில் டிடிஆர், ஆர்டிஎஸ் பின்கள் தலைகீழாக வேலை செய்யும்: மென்பொருளில் 'ஆன்' என்றால் பின்னில் 0 வோல்ட்.

எதை எடுப்பது? எண்களும் பிட்டுகளும் பின்களில் எப்படி நிற்கின்றன என்று கற்க வேண்டுமானால், பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பின் பேரலல் போர்ட்டை மிஞ்சிய ஆசிரியர் இல்லை. ஒரே ஒரு கருவி, பெரிய பொறுப்பில்லாத வேலை என்றால் யுஎஸ்பி ரிலே பலகை. நாள்முழுதும் ஆளில்லாமல் ஓட வேண்டிய எதற்கும் மைக்ரோகன்ட்ரோலர். ஏன் என்பது படி 6-இல் தெரியும்.

படி 2: முதலில் ஓர் எல்.இ.டி.

நேராக ரிலேக்குத் தாவாதீர்கள். பேரலல் போர்ட் என்றால் பின் 2-இலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் (மின்தடை), அதிலிருந்து எல்.இ.டி.யின் நீளக் கால், குட்டைக் கால் பின் 25-க்கு. எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 3 வோல்ட். 1 கிலோஓம் வழியே 3 மில்லிஆம்பியர். போர்ட்டுக்கு அது சுமையே இல்லை. நிரலில் 1 எழுதி, ஒரு வினாடி விட்டு 0 எழுதிப் பாருங்கள். மைக்ரோகன்ட்ரோலர் என்றாலும் இதே சோதனைதான்.

இது விளையாட்டு போலத் தெரியலாம். ஆனால் பின்னால் ரிலே வேலை செய்யாதபோது, பிழை மென்பொருளிலா கம்பியிலா என்று பிரித்துச் சொல்வது இந்த எல்.இ.டி.தான். அதைக் கடைசிவரை சுற்றிலேயே விட்டுவைப்பேன்.

படி 3: டிரான்சிஸ்டரும் ரிலேயும்

பரவலாகக் கிடைக்கும் நீலநிற 5 வோல்ட் ரிலேயின் காயில் தடை ஏறத்தாழ 70 ஓம். 5-ஐ 70-ஆல் வகுத்தால் 71 மில்லிஆம்பியர். ஆர்டுயினோ உனோவின் ஒரு பின் பாதுகாப்பாகத் தரக்கூடியது 20, அதன் உச்ச வரம்பே 40. எனவே இடையில் டிரான்சிஸ்டர் கட்டாயம்.

பிசி547 எளிதில் கிடைக்கும்; ஆனால் அதன் வரம்பு 100 மில்லிஆம்பியர், 71 அதற்கு நெருக்கம். 2என்2222 எடுத்தால் தாராளம். எமிட்டரைத் தரைக்கு, மூன்றாவது காலான கலெக்டரை ரிலே காயிலின் ஒரு முனைக்கு, காயிலின் மறுமுனையை 5 வோல்ட்டுக்கு. போர்ட் பின்னிலிருந்து 1 கிலோஓம் வழியே பேஸுக்கு. பேஸ் மின்னோட்டம்: 5-இலிருந்து 0.7 போக 4.3 வோல்ட், 1 கிலோஓம் வழியே 4.3 மில்லிஆம்பியர். காயிலின் 71-ஐ இதனால் வகுத்தால் 16 மடங்குக்கும் சற்று அதிகம். டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறக்க இது போதும். பேஸிலிருந்து தரைக்கு 10 கிலோஓம் ஒன்று போட்டுவிடுங்கள். போர்ட் எந்த நிலையிலும் இல்லாமல் தொங்கும் நேரத்தில் டிரான்சிஸ்டர் தானாகத் திறக்காமல் அது பிடித்து வைக்கும்.

காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு. வெள்ளைக் கோடு உள்ள முனை நேர்மறைப் பக்கம். இதை 'இருந்தால் நல்லது' என்று நினைக்க வேண்டாம். காயிலில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால் அதன் காந்தப்புலம் சரியும்போது பல மடங்கு மின்னழுத்தம் எகிறும். டையோடு இல்லாவிட்டால் அது டிரான்சிஸ்டர் மேல்தான் பாயும். டையோடைத் தலைகீழாக மாட்டினால் ரிலே இழுக்காது, டிரான்சிஸ்டர் திறந்தவுடன் மின்வழங்கி குறுக்குச்சுற்றாகிவிடும்.

எட்டு ரிலே வேண்டுமென்றால் எட்டு டிரான்சிஸ்டர் பற்றவைக்கத் தேவையில்லை. யுஎல்என்2803 என்ற ஒரே சிப்பில் எட்டும், டையோடுகளும் சேர்ந்தே இருக்கின்றன. ஏழு போதும் என்றால் யுஎல்என்2003. ஆனால் இவற்றில் இருப்பது டார்லிங்டன் ஜோடி, அதாவது ஒன்றை ஒன்று இயக்கும் இரண்டு டிரான்சிஸ்டர். திறந்த நிலையிலும் ஏறத்தாழ 1 வோல்ட்டை விழுங்கும். 5 வோல்ட் ரிலேக்கு 4 வோல்ட்தான் எட்டும். அந்த ரிலே இழுக்க உறுதியாகத் தேவைப்படுவது 75 விழுக்காடு, அதாவது 3.75 வோல்ட். கேபிளில் கொஞ்சம் குறைந்தால் போச்சு, ஒரு நாள் இழுக்கும், ஒரு நாள் இழுக்காது. இந்தச் சிப்போடு 12 வோல்ட் ரிலேகளைப் பயன்படுத்துவதே சரி.

மின்வழங்கியையும் கணக்குப் போடுங்கள். எட்டு ரிலே ஒரே நேரத்தில் இழுத்தால் 570 மில்லிஆம்பியர். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500, யுஎஸ்பி 3.0 என்றால் 900. இரண்டு ரிலேக்கு மேல் போனால் தனி மின்வழங்கி வையுங்கள். இந்தச் சுற்றில் அதன் தரையும் போர்ட்டின் தரையும் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேஸ் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியிருக்காது.

படி 4: கணினியைத் தனிமைப்படுத்துவது

ரிலேயே ஒரு தடுப்புதான். இருந்தாலும் ரிலே காயிலின் இரைச்சல் பொதுத் தரை வழியே கணினிக்குள் வரும். அதை வெட்டுவது ஆப்டோகப்ளர்: உள்ளே ஓர் எல்.இ.டி.யும் எதிரே ஓர் ஒளி உணரும் டிரான்சிஸ்டரும். பிசி817 என்பதை எடுத்தால் உள் எல்.இ.டி. 1.2 வோல்ட் எடுக்கும். 5 வோல்ட் சைகைக்கு 330 ஓம் போட்டால் 11.5 மில்லிஆம்பியர். பேரலல் போர்ட்டுக்கு அது அதிகம். 1 கிலோஓம் போட்டு 3.8-க்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

தயார் ரிலே பலகைகளில் ஆப்டோகப்ளர் ஏற்கெனவே இருக்கும், ஆனால் பெரும்பாலோர் அதை வீணாக்கிவிடுகிறார்கள். 'ஜேடி-விசிசி' (ரிலே காயில்களுக்கான மின்வழங்கி) என்று அச்சிட்ட இடத்தில் ஒரு ஜம்பர், அதாவது இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி இருக்கும். அது செருகியிருக்கும்வரை இரண்டு பக்கமும் ஒரே மின்வழங்கி, ஆகவே தனிமை என்பது பெயருக்குத்தான். ஜம்பரைக் கழற்றி, ஜேடி-விசிசிக்கும் அதன் தரைக்கும் தனி 5 வோல்ட் கொடுங்கள். போர்ட்டின் பக்கம் விசிசியும் (சைகைப் பக்கத்தின் 5 வோல்ட்) சைகைக் கம்பிகளும் மட்டும் போகட்டும், தரைகளைச் சேர்க்காதீர்கள். இந்தப் பலகைகளில் பல தலைகீழ் சைகை கேட்பவை: 0 என்றால் ரிலே இழுக்கும், 1 என்றால் விடும். நிரல் எழுதும் முன் இதைச் சோதித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: வீட்டு மின்சாரத்தைத் தொடும் முன்

முதலில் 12 வோல்ட் பல்பு ஒன்றை ரிலேயில் இணைத்து எல்லாவற்றையும் சோதியுங்கள். அது நாள் கணக்கில் ஒழுங்காக ஓடிய பிறகே அடுத்தது. வீட்டு மின்சாரம் கொல்லும். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு படியை எலக்ட்ரீஷியனிடம் விட வேண்டும், அல்லது தயாராக மூடி வரும் பிளக் வகைக் கருவியை வாங்க வேண்டும்.

செய்பவர்களுக்கு: ஸ்விட்ச் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். ரிலே துண்டிக்க வேண்டியது ஃபேஸ் கம்பியை. நியூட்ரலைத் துண்டித்தால் கருவி அணைந்தாலும் அதற்குள் மின்சாரம் காத்திருக்கும். ஃபேஸ் ரிலே கான்டாக்டின் பொதுமுனைக்கு, கருவிக்குப் போவது சாதாரணமாகத் திறந்திருக்கும் முனையிலிருந்து (ரிலே இழுக்கும்போது மட்டும் பொதுமுனையோடு சேர்வது). ரிலேக்கு முன்னால் கருவிக்குத் தகுந்த ஃபியூஸ். ப்ரெட்போர்டில் (பற்றவைக்காமல் கம்பி செருகும் சோதனைப் பலகை) வீட்டு மின்சாரம் ஒருபோதும் வேண்டாம். எல்லாம் மூடிய பெட்டிக்குள், கம்பிகள் இழுபடாமல் இறுக்கிப் பிடித்து, உலோகப் பெட்டி என்றால் எர்த் கொடுத்து. தாழ்மின்னழுத்தக் கம்பிகளும் வீட்டு மின்சாரக் கம்பிகளும் பெட்டிக்குள் ஒன்றையொன்று தொடாமல் போகட்டும்.

ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது வெறும் தடைச் சுமைக்கான அளவு. மோட்டார் தொடங்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். குளிர்ந்த குண்டு பல்பின் இழை பத்து மடங்குக்கும் மேல். 10 ஆம்பியர் ரிலேயில் மோட்டார் என்றால் 2 ஆம்பியரோடு நிறுத்துவதே என் வழக்கம். மோட்டார், சோலினாய்டு போன்றவை அணையும்போது கான்டாக்டில் பொறி பறக்கும். மாறுதிசை மின்சாரத்தில் அதற்கு டையோடு உதவாது. 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் (வீட்டு மின்சாரத்துக்கென்றே உள்ள வகை) கப்பாசிட்டரும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பரைக் கான்டாக்டுக்குக் குறுக்கே போட வேண்டும்.

அடிக்கடி ஆன்–ஆஃப் ஆகும் வேலைக்கு சாலிட் ஸ்டேட் ரிலே (அசையும் கான்டாக்ட் இல்லாத மின்னணு ரிலே) நல்லது, சத்தமில்லை, தேய்மானமில்லை. ஆனால் ஒரு ஆம்பியருக்கு ஏறத்தாழ 1 வாட் சூட்டைக் கக்கும், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) வேண்டும். மாறுதிசை மின்சாரத்துக்கான வகையை நேர்மின்சாரச் சுற்றில் போட்டால் ஆன் ஆகும், பிறகு அணையவே அணையாது. கெட்டுப்போகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே கெடும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நிரல் பக்கம்

யுஎஸ்பி வழியில் மூன்று வகையுமே கணினிக்குச் சீரியல் போர்ட்டாகத்தான் பெரும்பாலும் தெரியும். விண்டோஸில் 'காம்' என்ற பெயரும் ஒரு எண்ணும். லினக்ஸில் 'டயல்அவுட்' குழுவில் உங்கள் பயனர் பெயர் இல்லாவிட்டால் திறக்க அனுமதி மறுக்கும். பைத்தானில் பைசீரியல் நூலகம் போதும். வேகம் 9600, தரவு பிட் 8, பாரிட்டி இல்லை, நிறுத்த பிட் 1.

சிஎச்340 சிப் வைத்த ஒற்றை ரிலே பலகைகளில் பரவலாக உள்ள கட்டளை நான்கு பைட்டுகள். ஆன் செய்ய 160, 1, 1, 162. ஆஃப் செய்ய 160, 1, 0, 161. முதலாவது தொடக்கக் குறி, அடுத்தது எத்தனையாவது ரிலே, மூன்றாவது நிலை, கடைசியில் முதல் மூன்றின் கூட்டல். கூட்டல் தவறினால் பலகை கட்டளையைப் பொருட்படுத்தாது. இவை எழுத்துகளல்ல, பைட்டுகள். '160' என்று சரமாக அனுப்பினால் எதுவும் நடக்காது.

ஆர்டுயினோ உனோ என்றால் மொழியை நீங்களே வகுக்கலாம்: ஒரு எழுத்து, ஒரு எண், வரி முடிவு. பலகை ஒவ்வொரு கட்டளைக்கும் பதில் அனுப்பட்டும்; பதில் வராவிட்டால் நிரல் மறுபடி கேட்கட்டும். உனோவில் சீரியல் போர்ட்டைத் திறந்த கணமே டிடிஆர் வரி பலகையை ரீசெட் செய்யும். எனவே திறந்தபின் 2 வினாடி காத்திருந்து அனுப்ப வேண்டும். போர்ட்டை ஒருமுறை திறந்து திறந்தே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் திறந்து மூடினால் ஒவ்வொரு தடவையும் எல்லா ரிலேயும் விழுந்தெழும். டிடிஆரில் நேராக ரிலே மாட்டியவர்களுக்கும் இதே எச்சரிக்கை: லினக்ஸில் போர்ட்டைத் திறந்தாலே அந்த வரி ஏறும்.

படி 6: கணினி பேசாமல் போனால்

கணினி உறையும், தூங்கப் போகும், அப்டேட் என்று தானாக மறுதொடக்கம் செய்யும். பேரலல் போர்ட்டும் யுஎஸ்பி ரிலே பலகையும் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு நிற்கும். மறுதொடக்கத்தில் பேரலல் பின்கள் தாறுமாறாக ஏறியிறங்கவும் செய்யும். ஹீட்டர் ஆன் ஆன நிலையில் கணினி உறைந்தால் ஹீட்டர் ஆனிலேயே இருக்கும்.

தீர்வு இதயத்துடிப்பு. கணினி ஒவ்வொரு வினாடியும் ஒரு எழுத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். மைக்ரோகன்ட்ரோலர் கடைசியாக அது வந்த நேரத்தைக் குறித்து வைக்கும். 5 வினாடி வராவிட்டால் எல்லா ரிலேயையும் பாதுகாப்பான நிலைக்குத் தள்ளும். மைக்ரோகன்ட்ரோலரே உறைந்தால்? உனோவின் ஏடிமெகா328பி சிப்பில் 8 வினாடி வரை நேரம் வைக்கக்கூடிய வாட்ச்டாக் என்ற காவல் டைமர் உள்ளேயே இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், நிரல் உறைந்து அந்த நேரத்துக்குள் அதைத் தொடாமல் போகும்போது சிப் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும்.

நிரலில் துடிப்பை எங்கிருந்து அனுப்புகிறீர்கள் என்பது முக்கியம். தனி த்ரெட்டில் (நிரலுக்குள் தனியே ஓடும் கிளையில்) அனுப்பினால், முடிவெடுக்கும் பகுதி செத்துக் கிடக்கும்போதும் துடிப்பு மட்டும் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். வெப்பநிலையைப் படித்து, முடிவெடுத்து, கட்டளை அனுப்பும் அதே சுழற்சியின் கடைசி வரியில் துடிப்பு இருக்க வேண்டும்.

பாதுகாப்பான நிலை எது என்பதும் கருவிக்குக் கருவி மாறும். ஹீட்டருக்கு ஆஃப். கருவியைக் குளிர்விக்கும் விசிறிக்கு ஆன். அதைச் சாதாரணமாக மூடியிருக்கும் முனையில் இணைத்தால், கட்டளையே இல்லாதபோது ஓடும். கம்ப்ரசர் உள்ள எதையும் அணைத்த உடனே திரும்ப ஏற்றக்கூடாது. சில நிமிட இடைவெளியை மைக்ரோகன்ட்ரோலரிலேயே கட்டாயமாக்குங்கள். ஹீட்டர் போன்றவற்றில் எந்த மென்பொருளையும் கடந்து துண்டிக்கும் வெப்ப ஃபியூஸோ தெர்மோஸ்டாட்டோ தொடரில் இருக்க வேண்டும். ஏனென்றால் ரிலேயின் கான்டாக்டே ஒட்டிக்கொண்டால் துடிப்பும் உதவாது, வாட்ச்டாகும் உதவாது.

பிழை தேடும்போது

ரிலே 'டிக்' என்கிறது, விளக்கு எரியவில்லை: முனைகள் மாறியிருக்கலாம், அல்லது ஃபியூஸ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்துப் பாருங்கள். 'டிக்' இல்லை, ஆனால் எல்.இ.டி. எரிகிறது: டிரான்சிஸ்டரின் கால்களைச் சரிபாருங்கள், ரிலே இழுக்க வேண்டிய நேரத்தில் கலெக்டரில் 5 வோல்ட் நின்றால் அது திறக்கவே இல்லை. எல்.இ.டி.யும் எரியவில்லை என்றால் கம்பியைத் தொட வேண்டாம், முதலில் பார்க்க வேண்டியது முகவரியும் காம் எண்ணும்தான்.

சாலிட் ஸ்டேட் ரிலே அணைந்தும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுங்கினால் அது ரிலேயின் கசிவு மின்னோட்டம். அந்த விளக்குக்குச் சாதாரண ரிலேயே சரி. சாதாரண ரிலேயில் அப்படி மினுங்கினால் ஸ்னப்பர் வழியே கசிகிறது. விளக்குக்கு அது தேவையில்லை, எடுத்துவிடலாம். மோட்டார் அணையும் கணத்தில் யுஎஸ்பி துண்டித்துப் போவது இன்னொரு வழக்கமான புகார். நிரலைக் குடைவதில் பயனில்லை. ஸ்னப்பர் போட்டு, யுஎஸ்பி கேபிளைச் சுருக்கி, மோட்டார் கம்பியிலிருந்து விலக்கி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். யாரும் தொடாத நேரத்தில் துண்டித்தால் விண்டோஸின் மின்சேமிப்பைப் பாருங்கள்: டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கருவியை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் டிக்கை எடுத்துவிட வேண்டும்.